வாத நோய் வலிக்குப் போடப்படும் ஊசிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூட்டு வீங்கி, இரவு முழுக்கத் தூக்கமில்லாமல் தவித்தவர் மருத்துவரைப் பார்த்ததும் பெரும்பாலும் கேட்பது, "ஒரு ஊசி போட்டுவிடுங்கள்" என்பதுதான். அப்படிக் கேட்பதில் தவறே இல்லை. வலி தாங்க முடியாதபோது விரைவான நிவாரணம் கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. ஆனால் போன முறை என்ன ஊசி போட்டார்கள் என்று திருப்பிக் கேட்டால் பலருக்குப் பதில் தெரிவதில்லை. அந்தப் பெயர் தெரியாமல் போவதிலிருந்துதான் பல சிக்கல்கள் தொடங்குகின்றன என்பது என் உறுதியான எண்ணம். கீழே சொல்லியிருக்கும் அளவுகள் பெரியவர்களுக்கான பொதுவான அளவுகள். உங்களுக்கு எது, எவ்வளவு என்பதை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வாத நோய்களுக்கு என்னென்ன ஊசிகள் போடுகிறார்கள்?

முதல் வகை, ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள். டைக்லோஃபெனாக், கெட்டோரோலாக், மெலோக்சிகாம், கெட்டோப்ரோஃபென், லார்னாக்சிகாம் ஆகியவை இதில் அடங்கும். மக்கள் "வலி ஊசி" என்று சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். தசையிலோ, சில மருந்துகளை இரத்தக்குழாயிலோ போடுவார்கள்.

இரண்டாவது வகை ஸ்டீராய்டுகள்: மெதில்பிரட்னிசலோன், ட்ரையாம்சினலோன், டெக்ஸாமெத்தசோன். இவற்றைத் தசையில் போடலாம். வீங்கிய மூட்டுக்குள்ளேயே நேராகவும் செலுத்தலாம்.

மூன்றாவது வகை, நோயின் போக்கையே மாற்றும் மருந்துகள். வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் மெத்தோட்ரெக்ஸேட்டும், உயிருள்ள செல்களைக் கொண்டு தயாரிக்கும் அடாலிமுமாப், எட்டனர்செப்ட் போன்ற உயிரியல் மருந்துகளும் இதில் வரும். இவை வலி நிவாரணிகள் அல்ல. ஆனால் உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்) போன்ற நோய்களில் நீண்ட காலத்திற்கு வலியைத் தணிக்கப்போவது இவைதான்.

வலி ஊசி உடலுக்குள் என்ன செய்கிறது?

மூட்டில் அழற்சி ஏற்படும்போது அங்குள்ள செல்கள் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருளை ஏராளமாகச் சுரக்கின்றன. வீக்கமும் சூடும் கூடுவதும், தொட்டாலே சுரீரென்று வலிப்பதும் பெருமளவு இதனால்தான். இந்தப் பொருளைத் தயாரிக்கும் சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதியை டைக்லோஃபெனாக் வகை மருந்துகள் தடுத்துவிடுகின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், புரோஸ்டாகிளாண்டின் வலிக்கு மட்டும் உரியதல்ல. வயிற்றின் உட்சுவரை அமிலத்திடமிருந்து காப்பதும், நீரிழப்பு போன்ற நெருக்கடியில் சிறுநீரகத்திற்கு இரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் இதே பொருள்தான். மருந்து மூட்டில் அதைத் தடுக்கும்போது மற்ற இடங்களிலும் தடுத்துவிடுகிறது. இந்த மருந்துகளின் பெரும்பாலான பக்கவிளைவுகளுக்கு வேர் இதுவே.

மாத்திரையைவிட ஊசிக்கு வீரியம் அதிகமா?

வேகம் அதிகம். வீரியம் என்று பார்த்தால் பல மருந்துகளில் வித்தியாசம் மிகக் குறைவு.

டைக்லோஃபெனாக் ஊசியைத் தசையில் போட்டால் சுமார் 20 நிமிடங்களில் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொடுகிறது. குடலில் போய்க் கரையும்படி பூச்சு பூசிய மாத்திரைக்கு ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். நள்ளிரவில் கௌட் (மூட்டில் யூரிக் அமிலப் படிகங்கள் சேர்வதால் வரும் வாதம்) வலியால் கால் பெருவிரலைப் போர்வைகூட உரசக் கூடாது என்று கிடப்பவருக்கு இந்த இடைவெளி மிகப் பெரியது. அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் மருந்து இரத்தத்தில் கலந்த பிறகு, அது எந்த வழியாக வந்தது என்று மூட்டுக்குத் தெரியாது. அவசரப் பிரிவுகளில் கெட்டோரோலாக் ஊசியையும் ஐபுப்ரோஃபென் மாத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் வலி குறைவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

டைக்லோஃபெனாக்கில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. வாய்வழி சாப்பிட்டால் மருந்தில் ஏறக்குறைய பாதி, கல்லீரலைக் கடக்கும்போதே சிதைந்துவிடும். ஊசியில் அந்த இழப்பு இல்லாததால் அதே 75 மில்லிகிராம் ஊசியாகப் போகும்போது உடலுக்குக் கிடைக்கும் மருந்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதைக் கேட்டு மகிழ்வதற்கில்லை. பக்கவிளைவுக்கும் இதே கணக்குத்தான். மெலோக்சிகாம், கெட்டோரோலாக் ஆகியவை வாய்வழியாகவே ஏறக்குறைய முழுமையாக உடலில் சேர்ந்துவிடுவதால் அவற்றில் இந்த வித்தியாசமும் இல்லை.

ஊசி என்றாலே வலி குறையும் என்ற எதிர்பார்ப்புக்கும் பங்கு உண்டு. மூட்டுத் தேய்மானத்தில் மருந்தே இல்லாத போலி ஊசியை மூட்டுக்குள் போட்டவர்களுக்கு, போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிக நிவாரணம் கிடைத்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த நிவாரணம் பொய்யல்ல. வலிப்பவருக்கு அது உண்மையாகவே குறைகிறது. ஆனால் "எனக்கு ஊசிதான் கேட்கும், மாத்திரை கேட்காது" என்ற முடிவுக்கு அது ஆதாரமாகாது.

அப்படியானால் ஊசி எப்போது தேவைப்படும்?

வாந்தி, அறுவை சிகிச்சை, விழுங்க முடியாத நிலை போன்ற காரணங்களால் வாய்வழி எதுவும் உட்கொள்ள முடியாதபோது. அடுத்தது, திடீரென்று உச்சத்துக்குப் போன வலி: கௌட் தாக்குதல், முதுகெலும்பை இறுக்கும் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் திடீரெனத் தீவிரமாவது, முடக்குவாதத்தில் பல மூட்டுகள் ஒரே நேரத்தில் வீங்குவது. இவற்றில் முதல் ஒன்றிரண்டு நாட்களுக்கு ஊசி, பிறகு அதே மருந்தோ அதற்கு இணையானதோ மாத்திரையாக. இதுதான் முறையான வழி.

மாதக்கணக்கில் ஒரே சீராக இருக்கும் மூட்டுத் தேய்மான வலிக்கு வாரந்தோறும் வலி ஊசி போட்டுக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே முழங்காலைத் தாங்கும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி, உடல் எடைக் குறைப்பு, வலியுள்ள இடத்தில் தடவும் டைக்லோஃபெனாக் ஜெல் ஆகியவை மெதுவாகத்தான் பலன் தரும். ஆனால் கெடுதல் மிகக் குறைவு.

வயிற்றுப் புண் இருப்பதால் மாத்திரை வேண்டாம், ஊசியே போடுங்கள் என்று கேட்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

ஊசி வயிற்றைக் காப்பாற்றாது. மாத்திரை வயிற்றில் கரைந்து நேராகப் புண்ணாக்குவதால்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். நேரடி உறுத்தல் சிறு பங்குதான். பெரிய பங்கு, மருந்து இரத்தத்தின் வழியாகச் சென்று வயிற்றுச் சுவரின் பாதுகாப்பைக் குறைப்பதால் வருவது. இடுப்பில் போட்ட ஊசியும் இரத்தத்தில்தான் கலக்கிறது. முன்பு புண் வந்து இரத்தம் கசிந்த ஒருவருக்கு டைக்லோஃபெனாக் ஊசி போட்டால், மாத்திரை கொடுத்தால் வரும் அதே ஆபத்து வரும்.

65 வயதைக் கடந்தவர்கள், முன்பு புண் வந்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். இவர்களுக்கு இந்த மருந்து தவிர்க்க முடியாததாக இருந்தால், ஊசியாக இருந்தாலும் ஓமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பார்கள். ஏற்கெனவே இரத்தம் கசிந்தவருக்கு வேறு வழி தேடுவதே நல்லது.

எத்தனை நாள் தொடர்ந்து போடலாம்?

டைக்லோஃபெனாக்: ஒரு ஊசி 75 மில்லிகிராம். வலி மிகக் கடுமையாக இருந்தால் சில மணி நேர இடைவெளியில் மறுபக்க இடுப்பில் இன்னொன்று. நாளுக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. இரண்டு நாட்களுக்கு மேல் ஊசியாகத் தொடரக் கூடாது.

கெட்டோரோலாக்: ஊசி, மாத்திரை இரண்டையும் சேர்த்தே 5 நாட்களைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதி; சில நாடுகளில் ஊசிக்கு 2 நாள் வரம்பு. திடீர் வலிக்கான மருந்து இது, நாட்பட்ட மூட்டுவலிக்கானது அல்ல. வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படுத்தும் ஆபத்து இந்தக் கூட்டத்திலேயே இதற்கு அதிகம்.

மெலோக்சிகாம்: நாளுக்கு ஒரே ஊசி, 15 மில்லிகிராம். இரத்தத்தில் இதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 20 மணி நேரம் ஆவதால் ஒரு நாளைக்கு ஒன்று போதும். "சாயங்காலம் மறுபடி வலிக்கிறது, இன்னொன்று போடுங்கள்" என்று கேட்கக் கூடாத மருந்து.

ஊசி போடும் நாளில் அதே வகை மாத்திரையையும் சாப்பிட்டுவிடுவது நான் அடிக்கடி காணும் தவறு. காலையில் டைக்லோஃபெனாக் ஊசி, மதியம் வீட்டில் இருந்த அசிக்ளோஃபெனாக், இரவில் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த ஐபுப்ரோஃபென் என்று மூன்றும் சேர்ந்தால் வலி மூன்று மடங்கு குறையாது. சிறுநீரகத்திற்கும் வயிற்றுக்கும் சுமைதான் கூடும். இடையில் வலி வந்தால், கல்லீரல் நோய் இல்லாதவர்கள் பாராசிட்டமால் சாப்பிடலாம்.

ஊசியை இடுப்பில்தான் போட வேண்டுமா? கையில் போடக் கூடாதா?

டைக்லோஃபெனாக் ஊசியை இடுப்பின் பெரிய தசையில், ஆழமாக, மெதுவாகச் செலுத்த வேண்டும். புட்டத்தின் ஒரு பக்கத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகளால் நான்காகப் பிரித்துக்கொண்டால் மேல்புறத்தின் வெளிப்பகுதிதான் ஊசிக்குரிய இடம். காலுக்குச் செல்லும் பெரிய நரம்பு உள்பக்கமாகவும் கீழாகவும் போகிறது. ஊசி அந்தப் பக்கம் விலகினால், போட்ட கணமே மின்சாரம் பாய்ந்ததுபோலக் காலில் வலி இறங்கும். சிலருக்குப் பாதத்தைத் தூக்க முடியாத பலவீனம் மாதக்கணக்கில் நீடிக்கலாம். ஊசி ஏறும்போது காலில் சுரீரென்று இறங்கினால் வெட்கப்படாமல் உடனே "நிறுத்துங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

மருந்து தசைக்குள் போகாமல் கொழுப்பில் நின்றுவிட்டால் அங்கே கட்டி ஏற்படும், சில சமயம் திசு அழுகும். உடல் பருமனானவர்களுக்குச் சிறிய ஊசி எட்டாது என்பதை ஊசி போடுபவர் கவனிக்க வேண்டும்.

அரிதான, ஆனால் மறக்கக் கூடாத இன்னொன்று நிக்கோலாவ் நோய்க்குறி. தசையில் ஊசி போட்ட உடனே அந்த இடத்தில் கடுமையான வலி, பிறகு தோல் வெளுத்து, ஊதா நிறத்தில் வலைபோன்ற கோடுகள் படர்ந்து, சில நாட்களில் அந்தத் தோல் கருத்துச் செத்துப்போகலாம். முதலில் 1920களில் பிஸ்மத் ஊசி போட்டவர்களிடம் கவனிக்கப்பட்டது. டைக்லோஃபெனாக் ஊசிக்குப் பிறகும் வந்ததாகப் பல பதிவுகள் உள்ளன. ஊசி போட்ட இடத்தில் இரண்டு நாள் லேசாக வலிப்பது சாதாரணம். தோலின் நிறம் மாறுவது சாதாரணமல்ல.

யார் இந்த வலி ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது?

மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, கால்களில் இரத்தக்குழாய் அடைப்பு ஆகியவை உள்ளவர்கள் டைக்லோஃபெனாக்கைத் தவிர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013இலேயே எச்சரித்தது. இந்த மருந்துக் கூட்டத்தின் இதய ஆபத்தை உலகம் கவனித்தது, 2004இல் ரோஃபெகாக்சிப் என்ற மாத்திரை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டபோது.

சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கும் ஆகாது. குறிப்பாக, இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், டெல்மிசார்ட்டான் போன்ற மாத்திரையும், கூடவே நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர்கள் கவனியுங்கள். இந்த இரண்டோடு வலி ஊசியும் சேர்ந்தால், அதிலும் வயிற்றுப்போக்கோ கடும் வெயிலோ சேர்ந்து உடலில் நீர் வற்றியிருந்தால், சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம்.

ஆஸ்பிரினாலோ வேறு வலி மாத்திரையாலோ மூச்சிரைப்பு, தடிப்பு, முகவீக்கம் எப்போதாவது வந்திருந்தால், ஊசி எடுக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். ஆஸ்துமாவோடு மூக்கில் சதை வளர்ச்சியும் உள்ளவர்களுக்கு இந்த ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுபவர்களுக்குத் தசையில் எந்த ஊசி போட்டாலும் உள்ளே இரத்தம் கட்டிக்கொள்ளக்கூடும்.

கர்ப்பிணிகள் 20 வாரங்களுக்குப் பிறகு இந்த வகை மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் அறிவித்தது. குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பனிக்குட நீர் குறைந்துவிடலாம். 30 வாரங்களுக்கு மேல் போனால், பிறக்கும்வரை திறந்திருக்க வேண்டிய ஒரு முக்கிய இரத்தக்குழாய் கருவிலேயே மூடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

வலி ஊசியோடு இன்னொரு ஊசியும் கலந்து போட்டார்கள். வலி உடனே பறந்துவிட்டது. அது என்னவாக இருக்கும்?

பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டாக இருக்கும். சில நேரம் பி வைட்டமின்கள். வைட்டமின் குறைபாடு உள்ளவர்களுக்கு பி12 ஊசி அருமருந்து. மூட்டின் அழற்சியை அது குறைக்காது.

ஸ்டீராய்டு குறைக்கும். அதன் முதல் வெற்றியே வாத நோயில்தான். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்கவே முடியாதிருந்த 29 வயதுப் பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சும், இந்த ஹார்மோன்களை ஆராய்ந்த வேதியியலாளர்கள் கெண்டலும் ரைக்ஸ்டைனும் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் தொடர்ந்து கொடுத்தபோது முகம் உப்பியது, மனநிலை தடுமாறியது, நிறுத்தியதும் நோய் திரும்பியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கதை மாறவில்லை.

மருத்துவர் திட்டமிட்டு, மற்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்கும்வரை ஒருமுறை மெதில்பிரட்னிசலோன் 120 மில்லிகிராம் தசையில் போடுவது நல்ல சிகிச்சை. நோயாளிக்குச் சொல்லாமல் வாராவாரம் வலி ஊசியோடு ஸ்டீராய்டைக் கலந்து போடுவது சிகிச்சையே அல்ல. இரண்டும் சேரும்போது வயிற்றில் இரத்தக் கசிவு ஆபத்து பல மடங்கு கூடுகிறது. சர்க்கரை ஏறுகிறது, எலும்பு மெலிகிறது, உடலுக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடுகிறது. அப்படி நீண்ட காலம் போட்டுக்கொண்டவர் திடீரென்று நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, மயக்கம் வரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.

ஊசி போட்டதும் காலி மருந்துக் குப்பியின் பெயரைக் கேளுங்கள், கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சொல்ல மறுக்கும் இடத்திற்கு இரண்டாம் முறை போகாதீர்கள்.

மூட்டுக்குள் போடும் ஊசி மிகவும் வலிக்குமா? எப்படிப் போடுவார்கள்?

பயப்படும் அளவுக்கு வலிக்காது. முழங்கால் என்றால் படுக்கவைத்து, காலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து லேசாக மடக்குவார்கள். முழங்கால் சில்லின் மேல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துப் பேனாவால் ஒரு புள்ளி. கிருமிநாசினி, சிலர் மரத்துப்போகும் மருந்து, பிறகு ஊசி. சில மூட்டுகளுக்கு அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக்கொண்டே போடுவார்கள்.

உடனே மருந்தைச் செலுத்திவிட மாட்டார்கள். முதலில் உள்ளே தேங்கிய நீரை உறிஞ்சி எடுப்பார்கள், அந்த நீரே பாதி நோயைச் சொல்லிவிடும். மூட்டுத் தேய்மானத்தில் வைக்கோல் நிறத்தில், தெளிவாக, சொட்டும்போது நூல்போல நீளும். முடக்குவாதத்தில் கலங்கி, நீர்த்துப்போய், நூல் அறுந்து சொட்டும். கௌட்டில் நுண்ணோக்கியின் அடியில் ஊசி ஊசியான யூரேட் படிகங்கள் தெரியும். சீழ்போல வந்தால் ஸ்டீராய்டு அன்று கிடையாது; நீர் நேராகப் பரிசோதனைக்குப் போகும். மற்றபடி ஊசியை எடுக்காமலேயே சிரிஞ்சை மட்டும் மாற்றி மருந்தைச் செலுத்துவார்கள். நீர் வெளியேறியதிலேயே இறுக்கம் தளர்ந்து பாதி வலி போய்விடுவது உண்டு.

அன்றும் மறுநாளும் அந்த மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள். சிலருக்கு முதல் ஒன்றிரண்டு நாள் வலி கூடிப் பிறகு குறையும். முகம் சிவந்து சூடாவதும் உண்டு, தானே சரியாகும். ஆழமில்லாத மூட்டுகளில் மருந்து கசிந்தால் தோல் வெளுத்துக் குழி விழலாம். குதிகால் தசைநாரில் மட்டும் ஸ்டீராய்டு போடவே கூடாது, அறுந்துபோகலாம்.

அந்த ஊசியை எத்தனை முறை போடலாம்? குருத்தெலும்பு கெட்டுவிடாதா?

ஒரே மூட்டில் குறைந்தது 3 மாத இடைவெளி, ஆண்டுக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான நடைமுறை. குருத்தெலும்பு பற்றிய அச்சம் நியாயமானதே. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 140 பேருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை, 2 ஆண்டுகள், ஒரு பிரிவினருக்கு ட்ரையாம்சினலோன் 40 மில்லிகிராமும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் செலுத்தினார்கள். ஸ்டீராய்டு போட்டவர்களின் குருத்தெலும்பு அதிகமாகக் குறைந்திருந்தது. முடிவில் வலியில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை.

இதை வைத்து ஸ்டீராய்டு ஊசியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். முடக்குவாதத்தில் மற்ற மூட்டுகள் அடங்கி ஒன்று மட்டும் அடங்காதபோது, அந்த அழற்சியை அப்படியே விட்டால் அதுவே குருத்தெலும்பைத் தின்றுவிடும். அங்கே இந்த ஊசி பெரிய உதவி. இளம்பருவ மூட்டுவாதமுள்ள குழந்தைகளுக்கும் ட்ரையாம்சினலோன் ஹெக்சாசெட்டோனைடு மாதக்கணக்கில் நிவாரணம் தருகிறது. தேய்மானத்தில் பலன் சில வாரங்களே. அந்தச் சில வாரங்களை உடற்பயிற்சி தொடங்கப் பயன்படுத்திக்கொண்டால் ஊசி வீண்போகாது. காலண்டரைப் பார்த்து மூன்று மாதத்துக்கொருமுறை போட்டுக்கொள்வதில் பொருளில்லை.

எனக்குச் சர்க்கரை நோய். மூட்டு ஊசி போடலாமா?

போடலாம். சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்று தெரிந்தே போட வேண்டும். ஏற்றம் பொதுவாக 2 முதல் 5 நாள், சிலருக்கு ஒரு வாரம். அந்த நாட்களில் அடிக்கடி சர்க்கரையைப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் அளவை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் சில வாரம் தள்ளிப்போடுவது நல்லது.

கௌட் வலிக்கு எந்த ஊசி நல்லது?

சிறுநீரகமும் வயிறும் நன்றாக இருப்பவருக்கு வலி ஊசியோ மாத்திரையோ போதும். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு ஸ்டீராய்டு பாதுகாப்பானது: ஒரு மூட்டு என்றால் உள்ளே, பல மூட்டு என்றால் தசையில். கால்சிசின் மாத்திரையும் நல்ல மருந்துதான். சிறுநீரகம், சேர்ந்து சாப்பிடும் மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்து அளவைக் குறைக்க வேண்டும். இவை எதுவும் ஆகாதவர்களுக்கு அனகின்ரா, கனகினுமாப் போன்ற சிறப்பு ஊசிகள் உண்டு. தாக்குதல் மீண்டும் மீண்டும் வந்தால், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்தைத் தினமும் சாப்பிட்டால்தான் ஊசிக்கு வேலை குறையும்.

ஹயலூரானிக் அமில ஊசி?

அது அழற்சி எதிர்ப்பு மருந்து அல்ல, மூட்டு நீரில் உள்ள வழவழப்புப் பொருள். தேய்மானத்தில் அதன் பலன், வெறும் ஊசியின் பலனைவிடச் சிறிதே கூடுதல். முடக்குவாதத்திற்கு உரியதல்ல.

முடக்குவாதத்தில் வலி ஊசி போட்டதும் வலி நின்றுவிடுகிறது. பிறகு ஏன் மெத்தோட்ரெக்ஸேட், உயிரியல் மருந்து என்று போக வேண்டும்?

வலி நிற்கிறது, நோய் நிற்கவில்லை. டைக்லோஃபெனாக் எத்தனை போட்டாலும் முடக்குவாதம் எலும்பை அரிப்பதைத் தடுக்காது. வலி தெரியாத அந்த மாதங்களில் விரல் மூட்டுகள் அரிக்கப்பட்டுக் கோணிப்போன பிறகு எந்த ஊசியும் அவற்றை நிமிர்த்தாது. வலி ஊசி அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் அடிப்படை நோய் அடங்கவில்லை என்று பொருள். வாத நோய் நிபுணரைப் பார்க்க வேண்டிய நேரம் அது. ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் சற்று வேறு. அதில் அழற்சி எதிர்ப்பு மாத்திரையே முதல் சிகிச்சை, முழு அளவில் சில வாரம் எடுத்தும் அடங்காவிட்டால்தான் உயிரியல் மருந்து.

மெத்தோட்ரெக்ஸேட்டில் மட்டும் ஊசிக்கு உண்மையான மேன்மை உண்டு. மாத்திரையாக வாரம் 15 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடல் அதை உறிஞ்சுவது தேங்கிவிடுகிறது. தோலுக்கடியில் போட்டால் முழுமையாகச் சேரும், குமட்டலும் சிலருக்குக் குறையும். இது வாரத்துக்கு ஒருமுறை மட்டும். தவறுதலாகத் தினமும் எடுத்து உயிரிழந்தவர்கள் உண்டு. கிழமையைக் குறித்துவையுங்கள், ஃபோலிக் அமிலத்தை மறக்காதீர்கள், கருத்தரிக்கத் திட்டமிட்டால் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எட்டனர்செப்ட் 1998இலும் அடாலிமுமாப் 2002இலும் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதிக்கப்பட்டன. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தை இவை முடக்குகின்றன. முழுப் பலனைப் பார்க்க மூன்று மாதம்வரை பொறுக்க வேண்டும். உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளக்கூடும் என்பதால் தொடங்கும் முன் காசநோய், மஞ்சள் காமாலை பி பரிசோதனைகள் கட்டாயம். ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. போடுவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறையும். வயிறு, தொடை என்று ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுங்கள். காய்ச்சலோ சீழ்க்கட்டியோ இருக்கும் வாரத்தில் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

ஊசி போட்ட பிறகு எதற்கெல்லாம் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

சில நிமிடங்களிலேயே மூச்சிரைப்பு, உதடு வீக்கம், உடலெங்கும் தடிப்பு, தலைச்சுற்றல் வந்தால் அது ஒவ்வாமை. அதனால்தான் ஊசி போட்டதும் சற்று நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறார்கள்; அவசரமாகக் கிளம்பாதீர்கள். தார்போலக் கறுத்த மலம், இரத்த வாந்தி, நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் தளர்வது, சிறுநீர் வெகுவாகக் குறைவது, ஊசி போட்ட இடம் ஊதாவாவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது ஆகிய எதற்கும் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரே ஒரு மூட்டு மட்டும் சூடாகி வீங்கி, அசைக்கவே முடியாமல், காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். மூட்டு ஊசி போட்டு ஓரிரு நாளில் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலும் இதே சந்தேகம்தான். அந்த நேரத்தில் வலி ஊசி போட்டால் காய்ச்சல் தணிந்து, நோய் மறைந்து, மூட்டு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். அன்றைக்கே மூட்டு நீரை எடுத்துப் பரிசோதிக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.